அப்பாட லாப் ரிப்போட்டில மூணு இடத்தில சிவப்பு: பாரிசவாதம் திரும்ப வருமா?

வாவிக்கரை | களுவாஞ்சிக்குடி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாக்கு 63 வயசு. போன மாசம் விடியக்காலம் எழும்பக்குள்ள வலது கை விளங்கல்ல, கதையும் குழறிப் போச்சு. 1990 அம்புலன்சுக்கு அடிச்சு மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சி.டி. எடுத்துப் பாத்துட்டு இரத்தக் கசிவு இல்ல, அடைப்புத்தான், சின்ன ஸ்ட்ரோக் எண்டாங்க. இப்ப கதை தெளிவு. சோத்தைப் பிசைஞ்சு சாப்பிடுறார், ஆனா சேட்டு பொத்தான் போட ஏலாது.

தந்த குளிசைகள்: இரத்தம் உறையாம இருக்க அஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்புக்கு அட்டோவாஸ்டட்டின் 20, பிரஷருக்கு லொசாட்டன், சீனிக்கு மெட்போமின்.

பிரச்சினை இனித்தான். சுவிஸ்ல இருக்கிற அண்ணன் காசு அனுப்பி, ஒரு தனியார் லாப்பில "ஸ்ட்ரோக் ரிஸ்க் பெக்கேஜ்" எண்டு ஒண்டைச் செய்விச்சார். ரிப்போட் வந்திருக்கு. மூணு இடத்தில சிவப்பு:

எச்.எஸ். சி.ஆர்.பி. 6.8
ஹோமோசிஸ்டீன் 19
லிப்போபுரோட்டீன் ஏ 62

அண்ணன் ராவு ராவா கோல் எடுக்கிறார். "திரும்ப வரப்போகுது, உடன கொழும்புக்குக் கொண்டு போ" எண்டு. அம்மா அழுறா. கிளினிக் திகதிக்கு இன்னும் நாள் கிடக்கு. இந்தச் சிவப்பெல்லாம் உண்மையிலேயே அடுத்தது வரும் எண்டு சொல்லுதா?

கல்லடிப் பாலம்

வெளிநாட்டு அண்ணன்மாருக்கு முதல்ல ஒரு பிரஷர் குளிசை குடுக்கணும்.

லாப் மாமா | கல்முனை

தம்பி, 30 வருசத்துக்கு மேல ஆய்வுகூடத்தில நிண்டு ஓய்வு பெற்ற ஆள் நான். முதல்ல ஒரு கேள்வி. இரத்தம் எடுத்த கிழமை அப்பாக்குக் காய்ச்சல், இருமல், சிறுநீர்க் கடுப்பு, பல்லு வீக்கம் ஏதும் இருந்ததா?

சி.ஆர்.பி. ஈரல் செய்யிற ஒரு புரதம். உடம்பில எங்க அழற்சி வந்தாலும் ஏறும். இரத்தக்குழாய்ச் சுவரில கொழுப்பு படிஞ்ச இடத்தில நடக்கிற மெதுவான அழற்சிக்கும் ஏறும், கால் பெருவிரல் புண்ணுக்கும் ஏறும். எந்த இடத்தால ஏறினது எண்டு அந்த இலக்கத்துக்குத் தெரியாது. எச்.எஸ். எண்டா நுண்ணிய அளவையும் பிடிக்கிற முறை, அவ்வளவுதான். வழமையாப் பார்க்கிற கணக்கு: லீட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ குறைவு, 1 தொடக்கம் 3 நடுத்தரம், 3க்கு மேல கூட. 10ஐத் தாண்டினா தொற்று இருக்கா எண்டு பாத்துட்டு, சுகமா இருக்கிற நேரத்தில திரும்பச் செய்யணும்.

இன்னொண்டு. ஸ்ட்ரோக்கே சி.ஆர்.பி.யை ஏத்தும். மூளையில ஒரு பகுதி செத்தா உடம்பு சும்மா இருக்குமா? அடங்கச் சில கிழமை எடுக்கும்.

வாவிக்கரை | களுவாஞ்சிக்குடி

ஓம் மாமா, அப்ப நல்ல சளி. அன்ரிபயோட்டிக்கும் போட்டவர். லாப்பில அதொண்டும் கேக்கல்ல, கையை நீட்டச் சொல்லி எடுத்துட்டு விட்டாங்க.

மத்ததெல்லாம் கறுப்புத்தான், நோர்மல். எல்.டி.எல். எண்ட கெட்ட கொழுப்பு 118. மூணு மாசச் சீனிக் கணக்கான எச்பிஏவன்சி மட்டும் 8.4, அதுக்குப் பக்கத்தில சின்ன அம்புக்குறி. அது சீனி வருத்தக்காரருக்கு அப்பிடித்தானே இருக்கும்.

வாட்டு வெள்ளை

நான் கிழக்கில் வேலை செய்யும் மருத்துவர். பெயரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, ஆகவே குளிசை மாற்றுவது பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். ரிப்போட்டை எப்படி வாசிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் நோர்மல் என்று தள்ளிவிட்ட 118தான் எனக்குக் கண்ணில் குத்துகிறது.

லாப் ரிப்போட்டில் ஓரத்தில் போடும் எல்லை பொதுச் சனத்துக்கானது. ஸ்ட்ரோக் வந்தவருக்கு அந்த எல்லை பொருந்தாது. கொழுப்புப் படிவால் அடைப்பு வந்தவர்களை வைத்து பிரான்சிலும் தென்கொரியாவிலும் ஓர் ஆய்வு செய்தார்கள். 2019ல் வெளிவந்தது. 2860 பேர். ஒரு பாதிப்பேருக்கு எல்.டி.எல்.லை 70க்குக் கீழ் கொண்டுவர முயன்றார்கள், மறு பாதியை 90க்கும் 110க்கும் இடையில் வைத்தார்கள். சராசரியாக மூன்றரை வருடத்தில் முதல் பிரிவில் 8.5 சதவீதத்தினருக்கு, மற்றதில் 10.9 சதவீதத்தினருக்கு, திரும்ப ஸ்ட்ரோக் அல்லது மாரடைப்பு போன்ற பெரிய இரத்தக்குழாய்ச் சம்பவம் வந்தது. உங்கள் அப்பா அந்த இரண்டாவது பிரிவின் எல்லையையும் தாண்டி நிற்கிறார். ஆனாலும் ரிப்போட்டில் கறுப்பு மை.

எச்பிஏவன்சி 8.4ம் "அப்படித்தான் இருக்கும்" என்று விடுகிற இலக்கம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு 7 அளவில் வைத்திருக்கத்தான் பார்ப்போம்.

இந்த இரண்டையும் குறைக்கக் குளிசை இருக்கிறது, அதுவும் அரசாங்க கிளினிக்கில் இலவசமாக. சிவப்பில் இருக்கும் மூன்றையும் பார்த்து நாளைக்கு என்ன புதுக் குளிசை எழுதுவேன் என்று என்னைக் கேட்டால், அநேகமாக ஒன்றும் எழுதமாட்டேன்.

லாப் மாமா | கல்முனை

டொக்டர், எல்.டி.எல். விசயத்தில உங்களோட நிக்கிறன். ஆனா சி.ஆர்.பி.யை அப்பிடித் தூக்கி எறியவும் ஏலாது. 2024ல பத்து ஆய்வுகளின்ர தரவைச் சேத்து, 8420 நோயாளிகளை வைச்சுப் பாத்திருக்காங்க. ஸ்ட்ரோக் வந்த பிறகு சி.ஆர்.பி.யும், இன்டர்லூக்கின் 6 எண்ட இன்னொரு அழற்சிக் குறியீடும் கூடின ஆக்களுக்குத் திரும்ப வாறதும் கூடத்தான் இருந்திருக்கு. வயசு, புகைத்தல், பிரஷர் எல்லாத்தையும் கழிச்சுப் பாத்த பிறகும்.

வாட்டு வெள்ளை

உண்மை, அந்தத் தொடர்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சிறிய தொடர்பு. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும், ஒருவரை முன்னால் இருத்தி "உனக்கு வரும், உனக்கு வராது" என்று பிரித்துச் சொல்ல அது காணாது.

இரண்டாவது கேள்வி, அழற்சியைக் குறைத்தால் ஸ்ட்ரோக் குறைகிறதா? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். கொல்ச்சிசின், பழைய மருந்து, விலையும் குறைவு. சீனாவில் 8343 பேர், எல்லோருக்கும் எச்.எஸ். சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல். மாமா சொல்லும் அதே ஆட்கள்தான். ஸ்ட்ரோக் வந்து 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 90 நாள் கொடுத்தார்கள். திரும்ப வந்தது மருந்து எடுத்தவர்களில் 6.3 சதவீதம், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 6.5. வித்தியாசமே இல்லை.

ஐரோப்பாவில் நீண்ட காலம் கொடுத்துப் பார்த்த கொன்வின்ஸ் ஆய்வும் 2024ல் வந்தது. அதில் மருந்து எடுத்தவர்களில் 9.8 சதவீதம், எடுக்காதவர்களில் 11.7. மருந்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருந்தாலும் தற்செயல் இல்லை என்று சொல்லுமளவுக்கு இல்லை. இத்தனைக்கும் சி.ஆர்.பி. இறங்கித்தான் இருந்தது. கதவு மூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு கிளினிக்கில் எழுத ஆதாரம் போதாது.

வயல்காரன் | அக்கரைப்பற்று

டொக்டர், இந்தக் கொல்ச்சிசின் என்ட வீட்டிலயே கிடக்கு. கால் விரல் வீங்கி யூரிக் அசிட் என்டு தந்தாங்க. எனக்கும் ரெண்டு வருசத்துக்கு முன்ன லேசா ஸ்ட்ரோக் வந்தது. ரெண்டுக்கும் சேத்து நாளாந்தம் போட்டா நல்லமா?

வாட்டு வெள்ளை

நீங்களாகப் போடாதீர்கள் காக்கா. அளவு கொஞ்சம் பிசகினாலும் வயிற்றோட்டம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது உடம்பில் தேங்கும், ஸ்டட்டினும் சேர்ந்தால் தசைக்கு ஆபத்து. கிளாரித்ரோமைசின் போன்ற அன்ரிபயோட்டிக் எடுத்தால் இன்னும் மோசம். உங்கள் மாவட்டத்திலேயே தெஹியத்தகண்டிப் பக்கம் சிறுநீரக வருத்தம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியட்டினின் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இங்கே பெக்கேஜ் போடும் லாப் எதுவும் அதைப் பெரிசாகக் காட்டுவதில்லை. ஆனால் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்க எனக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு இலக்கம்.

லாப் மாமா | கல்முனை

சரி, சி.ஆர்.பி. உங்களுக்கு. ஹோமோசிஸ்டீனுக்கு வருவோம், இரத்தத்தில இருக்கிற ஒரு அமினோ அமிலம் அது. 2015ல சீனாவில 20,000க்கு மேல பிரஷர்காரருக்கு எனலாப்ரில் எண்ட பிரஷர் மருந்தோட, ஹோமோசிஸ்டீனைக் குறைக்கிற போலிக் அசிட் சேத்துக் குடுத்து, ஸ்ட்ரோக் 3.4ல இருந்து 2.7 சதவீதத்துக்கு இறங்கினதே? போலிக் அசிட் என்ன தங்க விலையா?

வாட்டு வெள்ளை

நல்ல பிடி மாமா. ஆனால் அந்த ஆட்களுக்கு முன்பு ஸ்ட்ரோக் வந்திருக்கவில்லை. முதலாவதைத் தடுக்கிற கதை அது, அதுவும் சாப்பாட்டு மாவில் போலிக் அசிட் சேர்க்காத இடத்தில். வந்தவர்களுக்கு இரண்டாவதைத் தடுக்கிறதா என்று 2004ல் 3680 பேரிலும், 2010ல் 8164 பேரிலும் பார்த்தார்கள். முதலாவதில் ஹோமோசிஸ்டீன் இறங்கியது, ஸ்ட்ரோக் இறங்கவில்லை. இரண்டாவதிலும் தெளிவான பலன் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் செய்யலாம். மெட்போமின் நீண்ட காலம் எடுப்பவருக்கு பி12 குறையலாம், அது குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். களுவாஞ்சிக்குடித் தம்பி, கிளினிக்கில் பி12 பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். கால் விறைப்பு இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

லிப்போபுரோட்டீன் ஏ இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துணிக்கை, பரம்பரையாக வருவது. 50க்கு மேல் கூட என்றுதான் எடுப்போம். சாப்பாட்டாலும் ஸ்டட்டினாலும் இறங்காது. அதைக் குறைக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வில்தான். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், வருடா வருடம் காசு கொட்டத் தேவையில்லை. அது கூட இருந்தால் எல்.டி.எல்.லை இன்னும் இறுக்கிப் பிடிக்க ஒரு காரணம். சுவிஸ் அண்ணனையும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கும் அதே பரம்பரைதானே.

கல்லடிப் பாலம்

ஹாஹா. இந்தக் கடைசி வரியை அண்ணனுக்கு ஸ்க்ரீன்சொட் அடிச்சு அனுப்புங்க.

மருதமுனை ராத்தா

நானும் ஒன்டு சொல்லவா. எங்கட உம்மாக்கு முதல் ஸ்ட்ரோக் வந்தப்ப கொலஸ்ட்ரோல் நல்லம், சீனி இல்ல, பிரஷரும் அப்பிடி ஒன்டும் இல்ல. இரத்தத்தில ஒன்டுமில்லண்டு எல்லாரும் நிம்மதியா இருந்தோம். மாதம் கொஞ்சம் போக ரெண்டாவது வந்திச்சி. அதுக்குப் பொறகுதான் 24 மணித்தியாலம் நெஞ்சில கட்டிப் பாக்கிற மெசின் போட்டு, இதயம் தாளம் தப்பி அடிக்கிது, ஏட்ரியல் பிப்ரிலேசன் என்டு கண்டுபுடிச்சாங்க. ஈ.சி.ஜி. எடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில அது ஒழுங்கா அடிச்சிருக்கு.

இப்ப வோபரின், இரத்தம் உறையாம வைக்கிற குளிசை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது என்டு காட்டுற ஐ.என்.ஆர். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கணும். எங்கட ஊட்டில இரத்தப் பரிசோதனை என்டா அது ஒன்டுதான், மத்த எதப்பத்தியும் நாங்க கேக்குறதில்ல. கிளினிக்ல கொப்பியில எழுதுற அந்த இலக்கத்தப் பாத்துத்தான் அந்தக் கிழம எங்களுக்கு நித்திர.

அனுபவத்துல சொல்றன். கீரை சாப்புடக் கூடாது என்டு அக்கம்பக்கத்தில சொல்லி உம்மாவ ஒரு பொன்னாங்காணிக்கும் வழியில்லாம ஆக்கினாங்க. கிளினிக் மிஸ்ஸிதான் சொன்னா, உடாம ஒரே அளவாச் சாப்புடுங்க, ஒரு கிழம ஒன்டுமில்ல, மறு கிழம முருங்கை இலையும் வல்லாரையுமா என்டு மாத்தி மாத்திச் செய்யாதீங்க என்டு. அப்பிடிச் செஞ்ச பொறகு ஐ.என்.ஆர். ஓரளவு ஒரே இடத்துல நிக்கிது. ஒருக்கா வயித்துக்கு என்டு பார்மசியில மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டுட்டா, 5க்கு ஏறிட்டு. முரசெல்லாம் இரத்தம்.

நோம்பு நேரம் வோபரின இரவுக்கு மாத்தித் தந்தாங்க. போன நோம்புக்கு டொக்டரே வேணாம் என்டுட்டார், தண்ணி காஞ்சு போகும் என்டு. உம்மா அழுதுட்டுத்தான் உட்டா.

வாட்டு வெள்ளை

ராத்தா எழுதியதை எல்லோரும் இரண்டு தரம் வாசியுங்கள். ஏட்ரியல் பிப்ரிலேசனோடு ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஐரோப்பாவில் 1993லேயே காட்டிவிட்டார்கள். மருந்து இல்லாமல் வருடத்துக்கு 12 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது, வோபரினோடு 4 சதவீதமாக இறங்கியது. எந்தச் சி.ஆர்.பி.யும் இந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வராது. அஸ்பிரினும் ஸ்டட்டினும் கொடுத்து அந்த உம்மாவின் இரண்டாவது ஸ்ட்ரோக்கைத் தடுத்திருக்க முடியாது, உறைந்த இரத்தக்கட்டி இதயத்தில் இருந்து வந்தது.

அதனால்தான் முதல் கேள்வி "ஏன் வந்தது" என்பது. கழுத்து இரத்தக்குழாய் ஸ்கேன் செய்தார்களா, இதயத் தாளம் பார்த்தார்களா? கழுத்தில் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தால் அதற்குச் சத்திரசிகிச்சை இருக்கிறது, முடிந்தால் இரண்டு கிழமைக்குள். அது இரத்தத்தில் தெரியாது.

தாளம் தப்புவதையும் இரத்தத்தில் பிடிக்க ஒரு முயற்சி நடந்தது. என்.டி. புரோ பி.என்.பி. என்ற இரத்தக் குறியீடு கூடியவர்களுக்கும், ஈ.சி.ஜி.யிலோ இதய ஸ்கேனிலோ சில அடையாளம் உள்ளவர்களுக்கும் இதயத்தில் கோளாறு இருக்கும், அவர்களுக்கு இரத்தம் உறையாமல் வைக்கும் அபிக்ஸபான் கொடுத்தால் அஸ்பிரினைவிட நல்லது என்று எதிர்பார்த்தார்கள். 1000 பேரளவில் செய்த ஆய்வு 2024ல் வந்தது. இரண்டு பக்கமும் வருடத்துக்கு 4.4 சதவீதம், ஒரே அளவு.

நாவற்குடா

இரத்தப் பரிசோதனை எல்லாம் வீண் எண்டு யாரும் இதை வாசிச்சுட்டுப் போகக்கூடாது. என்ட தங்கச்சிக்கு 31 வயசில ஸ்ட்ரோக். அதுக்கு முதல் ரெண்டு பிள்ளை வயித்திலேயே கலைஞ்சது. யாரும் ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பாக்கல்ல. ஒரு டொக்டரம்மாதான் கலைஞ்ச கதையை விசாரிச்சு, அன்ரிபொஸ்போலிப்பிட் எண்டு, இரத்தத்தை உறையவைக்கிற எதிர்ப்பொருள் இருக்கா எண்டு பாக்கிற ஒரு இரத்தப் பரிசோதனை எழுதினா. பொசிட்டிவ். மூணு மாசம் கழிச்சுத் திரும்பச் செய்து, அதுவும் பொசிட்டிவ் வந்த பிறகுதான் உறுதி எண்டாங்க. இப்ப வோபரின்ல நல்லா இருக்கா.

வாட்டு வெள்ளை

மிகச் சரி. 50 வயதுக்குக் கீழ் என்றால் நான் எழுதும் பரிசோதனைப் பட்டியலே வேறு. அந்தப் பரிசோதனையை 12 கிழமை இடைவெளியில் திரும்பச் செய்யவேண்டும், சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகும் சிலருக்குத் தற்காலிகமாகப் பொசிட்டிவ் வரும். அதில் ஒரு பகுதியை வோபரின் தொடங்குவதற்கு முன் எடுத்தால்தான் குழப்பமில்லை. வயதானவருக்குப் புதிதாகத் தலையிடி, மெல்லும்போது தாடை நோ, பார்வை மங்கல் என்றால் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். பரிசோதனை அவசரம். இவையெல்லாம் விடையைப் பொறுத்து மருந்தே மாறும் பரிசோதனைகள்.

மாமாங்கம்

எங்கட பக்கம் புறா சூப் குடுத்தா எழும்பி நடப்பார் எண்டு சொல்றாங்களே?

லாப் மாமா | கல்முனை

சூப்பைக் குடிங்க, உப்பைக் குறைச்சு. குளிசையை நிப்பாட்டிப் போட்டு சூப்புக் குடிச்சவங்களைத்தான் நான் திரும்ப வாட்டில கண்டிருக்கிறன்.

வயல்காரன் | அக்கரைப்பற்று

கிரியட்டினின் செஞ்சிட்டன் டொக்டர், 1.6 வந்திருக்கு. கொல்ச்சிசின உட்டுட்டன். கிளினிக்ல காட்டப்போறன்.

வாட்டு வெள்ளை

கட்டாயம் காட்டுங்கள் காக்கா. வயலுக்குப் போய்வந்து உடம்பு நோவுக்கு, சிறுநீரகத்துக்குக் கூடாத டைக்குளோபினக் போடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வாவிக்கரை | களுவாஞ்சிக்குடி

கிளினிக் போயிட்டு வந்தோம். முழு ரிப்போட்டையும் குடுத்தோம். டொக்டர் சிவப்பை ஒருக்காப் பாத்துட்டு, சளி இருந்ததா எண்டு கேட்டார். பிறகு 118ஐச் சுத்தி வட்டம் போட்டார். அட்டோவாஸ்டட்டினை 40 ஆக்கிட்டார், ரெண்டு மாசத்தில திரும்பப் பாப்பம், அப்பவும் 70க்குக் கீழ வரல்லையெண்டா எசெட்டிமைப் எண்ட இன்னொரு கொழுப்புக் குளிசை சேப்பம் எண்டார். மெட்போமினும் கூட்டியாச்சு. பி12க்கு இரத்தம் எடுத்திருக்கு.

குளோபிடோகிரலை நிப்பாட்டிட்டார். சின்ன ஸ்ட்ரோக்குக்கு அஸ்பிரினையும் அதையும் சேத்து மூணு கிழமைதானாம், அதுக்குப் பிறகு ஒண்டு காணும், இல்லாட்டி இரத்தக் கசிவுதான் கூடுமாம். நாங்க கொப்பியை வடிவா வாசிச்சிருந்தா அதில அப்பிடித்தான் எழுதிக் கிடந்தது.

கழுத்து ஸ்கேன் வாட்டிலேயே செஞ்சதுதானாம், பெரிய சுருக்கம் இல்ல. ராத்தா சொன்ன, நெஞ்சில கட்டித் தாளம் பாக்கிற ஹோல்டர் மெசினுக்குத் திகதி போட்டுத் தந்திருக்கு.

டொக்டர் கூட நேரம் கதைச்சது ரிப்போட்டைப் பத்தியே இல்ல. பிரஷர் 162க்கு 94. "இவ்வளவு காசுக்கு இரத்தம் பாத்த ஆக்கள், வீட்டில ஒரு பிரஷர் மெசின் வாங்கல்லையா" எண்டு கேட்டார்.

வாட்டு வெள்ளை

அவர் கேட்டது நியாயம். ஸ்ட்ரோக் வந்தவர்களில் பெரிண்டோப்ரில், இன்டபமைட் என்ற பிரஷர் மருந்துகளை வைத்துச் செய்த புரோகிரஸ் ஆய்வு 2001ல் வந்தது. 6105 பேர். நான்கு வருடத்தில் திரும்ப வந்தது 14 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கியது. நம்முடைய நாட்டிலேயே 2018ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மூன்று பிரஷர் மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 70 சதவீதத்தினர் இலக்குக்கு வந்தார்கள், வழமையான முறையில் 55. ஒரு மருந்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டே போவதைவிட இரண்டு மூன்றைச் சின்ன அளவில் சேர்ப்பது பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. லொசாட்டனோடு வேறு ஏதும் சேர்த்தாரா?

வாவிக்கரை | களுவாஞ்சிக்குடி

ஓம், இன்னொரு பிரஷர் குளிசை, அம்லோடிபின் 5. மெசின் அண்ணன்ட காசிலேயே வாங்கியாச்சு, மேல் கையில கட்டுறது. காலையும் இரவும் அளந்து கொப்பியில எழுதுறது அம்மாட வேலை. கருவாட்டுக் குழம்புக்கு அப்பா சண்டை பிடிக்கிறார், அது வேற கதை.

அண்ணன் தன்ட லிப்போபுரோட்டீன் ஏ செய்து பாத்தாராம். 71. இப்ப எங்களுக்குக் கோல் எடுக்கிறது குறைவு, தன்ட டொக்டருக்குத்தான் எடுக்கிறார்.

லாப் மாமா | கல்முனை

அவருக்கு எல்.டி.எல். எவ்வளவு எண்டு கேட்டுச் சொல்லுங்க தம்பி.